தமிழ்99 விசைப்பலகை: ஒரு வடிவமைப்பின் வரலாறு

தமிழ்99 என்பது கணினியில் தமிழை உள்ளிடுவதற்காகத் தமிழ்நாடு அரசு 1999-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பாகும். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளை 31 விசைகளில் வைத்து, அவற்றைக் கொண்டு தமிழின் 247 எழுத்துகளையும் எழுதும் வழியை இது தருகிறது. கிரந்த எழுத்துகள் ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அடிக்கப்படுகின்றன. மனிதருக்கும் பொறிக்கும் இடையே உள்ள இடைமுகத்தைத் தமிழ் எழுத்திலக்கணத்தை ஒட்டி அமைத்த முயற்சிகளில் இது குறிப்பிடத்தக்கது.

தட்டச்சுப்பொறி விட்டுச்சென்ற மரபு

தமிழ் விசைப்பலகையின் வரலாறு கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பின்னர் சிங்கப்பூரில் வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றப்படுகிறார். ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள் போதும். தமிழுக்கு 247 எழுத்துகள். ஆனால் பொறியில் இருந்தவை ஏறத்தாழ 45 விசைகளே. எல்லா எழுத்துகளையும் தனித்தனியே வைக்க இடமில்லை. எனவே புள்ளி, இகரக் கொம்பு, ஈகாரக் கொம்பு போன்ற குறிகளைத் தனியே பிரித்து, அவற்றை அடிக்கும்போது தாள் நகராதபடி செய்யும் 'நகரா விசை' என்னும் உத்தி கையாளப்பட்டது. குறியும் எழுத்தும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

இது பொறியியல் நோக்கில் சிறந்த தீர்வு. ஆனால் இதில் எழுதுபவர் எழுத்தை ஒலியாக நினைப்பதில்லை, வடிவமாக நினைக்கிறார். 'கொ' என்னும் எழுத்தை ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக அடிக்க வேண்டும். ககரமும் ஒகரமும் சேர்ந்ததே 'கொ' என்று வகுப்பில் படித்த பிள்ளை, பொறியின் முன் அமர்ந்ததும் அதை மறந்து, இடமிருந்து வலமாகத் துண்டுகளை அடுக்கப் பழக வேண்டியிருந்தது.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் கைவிடப்பட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் கொம்பும் இட்டு எழுதும் முறை வந்தது. அச்சுக்கோப்பும் தட்டச்சும் இதனால் எளிதாயின.

கணினியில் முதல் முயற்சிகள்

1980-களில் தனிக் கணினிகள் பரவியபோது, தமிழ் மென்பொருள்களை முதலில் உருவாக்கியவர்களில் பலர் புலம்பெயர்ந்த தமிழர்கள். கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்னும் மென்பொருளை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' விசைப்பலகையை வடிவமைத்தார். இந்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 'இன்ஸ்கிரிப்ட்' என்னும் அமைப்பை 1986-இல் வெளியிட்டது.

ஒவ்வொன்றும் ஒரு நல்ல நோக்கத்தில் பிறந்ததே. ஆனால் ஒவ்வொன்றும் தனி வழியில் சென்றது. ஒருவர் தட்டச்சுப்பொறி அமைப்பைப் பின்பற்றினார். மற்றொருவர் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையைத் தந்தார். எழுத்துருக்களும் தனித்தனிக் குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. 1990-களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் இதழ்களைப் படித்தவர்கள் ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு தனி எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கணினியில் தமிழில் எழுதிய கடிதம் மற்றொரு கணினியில் புரியாத குறிகளின் கூட்டமாகத் தெரிந்தது. ஒரு மென்பொருளில் பழகிய விரல்கள் வேறொன்றில் பயன்படவில்லை.

1999 மாநாடு

இந்த நிலையை மாற்ற 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரி 7, 8 நாள்களில் சென்னையில் 'தமிழ்நெட்99' மாநாட்டைத் தமிழ்நாடு அரசு நடத்தியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் இப்பணியில் முன்னின்றார். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, மேலைநாடுகள் ஆகியவற்றைச் சேர்ந்த வல்லுநர்கள் கலந்துகொண்டனர்.

மாநாட்டின் பயனாக இரு வகைத் தரங்கள் உருவாயின. ஒன்று, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியாக்கம். தமிழ் மட்டும் கொண்ட 'டாம்', தமிழும் ஆங்கிலமும் கொண்ட 'டாப்' என இது இரு வடிவங்களில் அமைந்தது. மற்றொன்று, எழுத்துகளை உள்ளிடும் விசைப்பலகை. சோதனைக் காலத்திற்குப் பின் 1999 ஜூனில் அரசாணை வெளியானது. மாநாட்டின் ஆண்டே விசைப்பலகையின் பெயராயிற்று.

விசைகளின் அமைப்பு

தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் யாவும் இடக்கைப் பக்கம் உள்ளன. மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் உள்ளன. விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ, ஃ, எ ஆகியவையும், வலப்புறம் க, ப, ம, த, ந, ய ஆகியவையும் இடம்பெறுகின்றன. மிகுதியாக வரும் எழுத்துகள் எளிதில் எட்டும் இடத்தில் உள்ளன. குறில்கள் நடு வரிசையில் இருக்க, அவற்றின் நெடில்களான ஆ, ஈ, ஊ, ஏ அருகிலேயே மேல் வரிசையில் உள்ளன. ஒ, ஓ, ஔ கீழ் வரிசையில் உள்ளன. வ, ங ஆகிய இரு மெய்கள் மட்டும் கீழ் வரிசையில் இடக்கை ஆள்காட்டி விரலுக்கு உரிய இடத்தில் அமைந்தன.

தமிழ்ச் சொற்களில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. ஒரே கைக்குச் சுமை ஏறுவதில்லை. 'கொ' என்று எழுத க, ஒ என இரண்டு விசைகள் போதும். கொம்பு எங்கே, கால் எங்கே என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பொறிக்காக மாற்றப்பட்ட எழுதுமுறை, மீண்டும் பள்ளியில் கற்ற உயிர்மெய் முறைக்கே திரும்பியது.

தானே விழும் புள்ளி

இவ்வமைப்பின் சிறப்பான கூறு தானியங்கிப் புள்ளி. மெய் விசையை அழுத்தினால் அகரம் ஏறிய எழுத்து வரும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவது எழுத்து தானாகவே புள்ளி பெறும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்து வந்தாலும் அவ்வாறே. இவ்வாறு ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவை புள்ளி விசையைத் தொடாமலே அமைகின்றன. மற்ற இடங்களில் ஆய்த விசையே புள்ளியையும் இடும்.

சில எடுத்துக்காட்டுகள்: 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என 4 விசைகள். 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ என 4 விசைகள். 'தென்றல்' என்பதற்கு த, எ, ன, ற, ல, ஃ என 6 விசைகள். 'சித்தப்பா' என்பதற்கு ச, இ, த, த, ப, ப, ஆ என 7 விசைகள்.

இது வெறும் சுருக்கு வழி அன்று. மொழியின் இயல்பே இதற்கு அடிப்படை. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் மெய்ம்மயக்கம் என்ற தலைப்பில் விளக்குகின்றன. க், ச், த், ப் ஆகியவை தம்முன் தாமே வரும், பிற மெய்கள் வாரா. மெல்லினமும் அதன் இன வல்லினமும் இணைந்து வருவது மிகுதி. எனவே இரண்டு ககரங்கள் அடுத்தடுத்து அடிக்கப்பட்டால் அங்கே 'க்க' வருவதற்கான வாய்ப்பே அதிகம்.

புள்ளியை வாசிப்பவரின் மொழியறிவுக்கு விட்டுவிடும் வழக்கம் தமிழில் பழையது. ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் பல இடங்களில் புள்ளி இடப்படவில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிய செங்கம் வட்டாரத்தில் கிடைத்த வட்டெழுத்து நடுகற்கள் போன்றவற்றைப் படிப்பவர், சொல்லை அறிந்தே புள்ளியை இட்டுப் படிக்க நேர்கிறது. அன்று வாசகர் செய்த பணியை இங்கே மென்பொருள் செய்கிறது.

விதிக்கு விலக்கும் உண்டு. 'மமதை' என்று எழுத வேண்டுமானால் ம, அ, ம, த, ஐ என இடையில் அகரத்தை அழுத்த வேண்டும். இல்லையேல் 'ம்மதை' என்றாகிவிடும். 'நதி' என்பதற்கும் அவ்வாறே ந, அ, த, இ என அடிக்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் தடுமாறும் இடம் இது. சொல்லின் முதலில் புள்ளி எழுத்து வராது என்ற மற்றோர் இலக்கண விதியையும் மென்பொருளில் சேர்த்தால் இத்தடுமாற்றம் பெரிதும் குறையும்.

ஏற்பும் தயக்கமும்

தரம் அறிவிக்கப்பட்டதால் மட்டும் பழக்கம் மாறிவிடவில்லை. அரசுத் தட்டச்சுத் தேர்வுகளில் இளநிலை, முதுநிலை தேறியவர்களின் விரல்களில் பழைய அமைப்பு ஊறியிருந்தது. அவர்களுக்கு அது பிழைப்புக்கான திறன். புதியதைக் கற்க வேண்டுமானால் பல மாதப் பயிற்சியால் வந்த வேகத்தை இழக்க வேண்டும். இலங்கைத் தமிழரிடையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் 'பாமினி' அமைப்பு வேரூன்றியிருந்தது.

மறுபுறம், இணையத்தில் புதிதாக எழுத வந்தவர்கள் ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்க்கும் முறையை விரும்பினர். அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஆனால் ந, ன, ண வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என மாற்றி அடிக்க வேண்டும். விசைகளும் கூடும். தமிழ்99-இல் 6 விசைகளில் முடியும் 'வணக்கம்', இம்முறையில் 8 விசைகளைக் கேட்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் நினைத்து எழுதும் பழக்கமும் வளர்கிறது என்று தமிழறிஞர்கள் கவலை தெரிவித்தனர்.

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வழக்கை எளிதாகத் தீர்த்தன. எல்லா அமைப்புகளையும் ஒரே மென்பொருளில் தந்து, தேர்வைப் பயனரிடமே விட்டன.

குறியாக்கம் மறைந்தது, விசைப்பலகை நின்றது

1991-இல் வெளியான யூனிகோடு தரம், 2000-களில் இணையம் முழுவதும் பரவியது. டாம், டாப் குறியாக்கங்கள் வழக்கொழிந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடையும், அதனோடு 'டேஸ்16' என்னும் 16 பிட்டுக் குறியாக்கத்தையும் ஏற்றது. 1999-இல் பிறந்த இரு தரங்களுள் விசைப்பலகை மட்டும் நிலைத்தது. எழுத்து உள்ளே எந்த எண்ணாகச் சேமிக்கப்படுகிறது என்பதை அது சார்ந்திருக்கவில்லை. விரலுக்கும் மொழிக்கும் உள்ள உறவையே அது சார்ந்திருந்தது.

முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005-இல் செல்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 2013-இல் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களையும் சேர்த்தது. 2017-இல் கூகுள் தமிழில் பேசி எழுதும் வசதியைத் தந்தது. இன்று பலர் விசையைத் தொடாமலே எழுதுகின்றனர்.

ஆயினும் நீண்ட கட்டுரையோ நூலோ எழுதுவோர் விசைப்பலகையையே நாடுகின்றனர். அவர்களுள் தமிழ்99 பழகியவர்கள் வேறு முறைக்கு எளிதில் மாறுவதில்லை. பொறிக்காக மொழி வளைந்து கொடுத்த காலத்திற்குப் பின், மொழியின் விதிகளைப் பொறி கற்றுக்கொண்ட நிகழ்வாகத் தமிழ்99 தமிழ்க் கணிமை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.