ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளானது எப்படி?

இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை பொது ஓய்வு நாளாகி இன்னும் ஒன்றரை நூற்றாண்டு நிறையவில்லை. அதற்கு முன்னும் உழைப்பவர்களுக்கு ஓய்வு இருந்தது. ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே நாள் என்பதும், ஏழு நாளுக்கு ஒருமுறை என்பதும் இல்லை. உழவர்களின் ஓய்வைப் பருவம் தீர்மானித்தது. அறுவடை முடிந்து அடுத்த மழை இறங்கும்வரை உள்ள மாதங்களில்தான் கோயில் கொடை, தெருக்கூத்து, கல்யாணம், உறவினர் வீட்டுப் பயணம் எல்லாம் நடந்தன. கைவினைஞர்களுக்கு அமாவாசை ஓய்வு நாள். தச்சரும் கொத்தனாரும் அன்று உளியையும் கரண்டியையும் தொடுவதில்லை. கட்டட வேலையில் இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. முடிதிருத்தும் கடைகளுக்குச் செவ்வாய்க்கிழமை. பழைய பாடசாலைகளில் பிரதமை, அஷ்டமி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகளில் பாடம் நடத்துவதில்லை. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கம் தழுவிய முத்துக்குளித்துறை மீனவர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போவதைத் தவிர்த்தார்கள். தமிழகத்தில் ஞாயிறு ஓய்வை மிக முன்னரே ஏற்றவர்கள் இவர்கள்.

ஏழு நாள் சுழற்சி கிராமங்களில் உறுதியாக நிலைபெற்ற இடம் வாரச் சந்தை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சந்தைக் கிழமை உண்டு. மாடு வாங்குவதற்கும் மிளகாய் விற்பதற்கும் கூடியவர்கள் அங்கேயே பிற ஊர்ச் செய்தி கேட்டார்கள், சம்பந்தம் பேசினார்கள், மகுடி வித்தை பார்த்தார்கள். வேலையும் பொழுதுபோக்கும் அன்று தனித்தனியாகப் பிரிந்திருக்கவில்லை.

அவற்றைப் பிரித்தவை அலுவலகமும் ஆலையும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி நிலைபெற்றபின் நீதிமன்றங்களும் கச்சேரிகளும் கிறித்தவ வழக்கப்படி ஞாயிறன்று மூடப்பட்டன. 1844 முதல் 1848 வரை தலைமை ஆளுநராக இருந்த ஹென்றி ஹார்டிஞ், அரசுப் பணியிடங்களில் ஞாயிறு வேலையை நிறுத்தினார். இதனால் எழுத்தர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஞாயிறு விடுமுறை முதலில் கிடைத்தது. கூலித் தொழிலாளர்களுக்கு அது கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பம்பாயில் 1850களின் நடுப்பகுதியில் முதல் நூற்பாலை இயங்கத் தொடங்கியது. மின்விளக்கு வராத காலம் என்பதால் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை வேலை நடந்தது. கோடையில் பகல் நீண்டால் வேலை நேரமும் நீண்டது. பண்டிகை நாள்களில் ஆலைகள் மூடப்பட்டன என்றாலும் வாரம் ஒரு நாள் என்ற உரிமை இல்லை. இயந்திரங்களை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றைத் துடைத்து எண்ணெய் போடத் தொழிலாளர்கள் வரவேண்டியிருந்தது. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலும் குழந்தைகளையே கருத்தில் கொண்டது. ஏழு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்து, ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேர வரம்பும் மாதம் நான்கு விடுமுறையும் அளித்தது.

பெரியவர்களின் குறையை வெளியே கொண்டுவந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த இவர் ‘தீனபந்து’ இதழின் ஆசிரியர். 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு அரசு அமைத்த தொழிற்சாலைக் குழுவிடம் சுமார் 5,500 தொழிலாளர்களின் ஒப்பத்துடன் ஒரு மனு சென்றது. ஞாயிறு முழு ஓய்வு, நண்பகலில் அரை மணி இடைவேளை, காலை ஆறரை முதல் அஸ்தமனம் வரை மட்டும் வேலை, முந்தைய மாதச் சம்பளம் 15ஆம் தேதிக்குள், வேலையில் காயமுற்றால் உதவி ஆகியவை அதிலிருந்த கோரிக்கைகள். பல ஆண்டுகள் பதிலில்லை. 1890 ஏப்ரலில் பத்தாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் பேசினார்கள். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர்.

அரசு ஏற்கெனவே கடைப்பிடித்த கிழமை என்பதால் ஆலைகளுக்கும் அது வசதியாக இருந்தது. மராட்டியத் தொழிலாளர்கள் பலர் வழிபட்ட கண்டோபாவுக்கு ஞாயிறு உகந்த நாள் என்பதால் அவர்களுக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

மறு ஆண்டே 1891ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் வார விடுமுறையைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரம் என்ற வரம்பும் அதில் இருந்தது. இதற்குத் தொழிலாளர் குரல் மட்டும் காரணமன்று. இந்திய ஆலைகள் வரம்பின்றி ஓடுவதால் தங்கள் விற்பனை பாதிக்கப்படுகிறது என்று லங்காஷயர் ஆலை முதலாளிகளும் லண்டனில் அழுத்தம் கொடுத்துவந்தார்கள்.

சட்டம் இருந்தும் நடைமுறை வேறாக இருந்தது என்பதற்குத் தூத்துக்குடி சான்று. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தூண்டுதலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்களது கோரிக்கை. ஒன்பது நாள் நீடித்த வேலைநிறுத்தம் தொழிலாளர்களுக்கு வெற்றியாக முடிந்தது. ஞாயிறு ஓய்வு, கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு ஆகியவற்றை நிர்வாகம் ஏற்றது. சில நாள்களில் வ.உ.சி. கைதானார், ஆனாலும் தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் விடுமுறைக்கான முதல் பெரிய போராட்டமாக அது நிலைத்தது. 1918இல் பி.பி.வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோதும், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் தொடக்கக் குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதே.

விடுமுறை நாளோடு வேலை நேரமும் படிப்படியாகக் குறைந்தது. 1911இல் நூற்பாலை ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி, 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி என்று வரம்புகள் இறங்கின. ஆலைக்கு வெளியே கடை, உணவகம், திரையரங்க ஊழியர்களுக்காக 1942இல் வார விடுமுறைச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் அதை விரிவாக்கியது. ஆலைக்காரர்கள் விடுமுறையில் பொருள் வாங்க வேண்டுமானால் கடைக்காரர்கள் அன்று வேலை செய்தாக வேண்டும். அதனால் எல்லோருக்கும் ஞாயிறே என்று சட்டம் வற்புறுத்தவில்லை. ஏதேனும் ஒரு நாள் என்றது.

கிடைத்த நாளை மக்கள் செலவிட்ட விதம் நகருக்கு நகர் வேறுபட்டது. பம்பாயின் ஆலைப் பகுதிகளில் உடற்பயிற்சிக் கூடங்களும் பஜனைக் குழுக்களும் தமாஷா கூத்துகளும் செழித்தன. சென்னையில் 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினா நடைபாதை, செலவில்லாத மாலைப்பொழுதை எல்லாத் தரப்பினருக்கும் தந்தது. 1930இல் மாநகராட்சி தொடங்கிய வானொலி நிலையத்தின் இசையைப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிமூலம் கேட்க முடிந்தது. பேசும் படம் வந்தபின் ஞாயிறு பகல் ஆட்டம் குடும்பங்களுக்கு உரியதாயிற்று. வாரக் கூலி சனிக்கிழமை மாலை கைக்கு வரும் திருப்பூர் போன்ற ஊர்களில் ஞாயிறு கடைவீதி நாள்.

வீட்டுக்குள்ளும் ஞாயிறு தனக்கென ஓர் ஒழுங்கை உருவாக்கியது. வெள்ளி, சனி, அமாவாசை, கார்த்திகை நாள்களில் பல குடும்பங்கள் புலால் சமைப்பதில்லை. எல்லோரும் வீட்டிலிருக்கும் ஞாயிறு, கறிக்குழம்பு நாளானது. ஆண்கள் புதன், சனியிலும் பெண்கள் செவ்வாய், வெள்ளியிலும் எடுத்துவந்த எண்ணெய்க் குளியலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுக்கு நகர்ந்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியபின் ஞாயிறு மாலைத் திரைப்படம் தெருவையே ஒரு வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தது. 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலைவரை ஞாயிறு காலைகளில் வந்த ‘ராமாயண்’ தொடரும், தொடர்ந்து வந்த ‘மகாபாரத்’தும் இந்தியிலேயே ஒளிபரப்பாயின, ஆயினும் தமிழ்நாட்டு வீடுகளிலும் அவை பார்க்கப்பட்டன.

ஞாயிறைக் கைவிட்டுப் பார்த்த நாடுகளும் உண்டு. இலங்கையில் டட்லி சேனநாயக்க அரசு 1966 முதல் சனி, ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாள்களை வார விடுமுறையாக்கியது. அமாவாசை, பௌர்ணமி, இடைப்பட்ட இரு அரைநிலா நாள்கள் ஆகிய நான்கும் போயா. நிலவின் ஒரு சுழற்சி ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் என்பதால் அதன் கால்பகுதி ஏழு நாளுக்குச் சற்று மிகும். விடுமுறை ஒரே கிழமையில் நிற்காமல் நகர்ந்துகொண்டே போயிற்று. வெளிநாடுகளோடு வணிகம் செய்வதற்கு அது இடையூறானது; கிறித்தவர்களுக்கு ஞாயிறு வழிபாடு வேலை நாளில் விழுந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1971இல் ஞாயிறை மீட்டது. பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாகத் தொடர்கிறது. பாகிஸ்தான் 1977இல் வெள்ளிக்கிழமைக்கு மாறி, 1997இல் ஞாயிறுக்குத் திரும்பியது. சமய உணர்வு ஒரு நாளைத் தேர்ந்தாலும், வங்கியும் துறைமுகமும் வேறொன்றைக் கேட்டன.

இந்தியாவில் ஒரு நாள் விடுமுறை இரண்டு நாளாக விரிந்தது அலுவலகங்களில்தான். நடுவண் அரசு 1985 ஜூனில் ஐந்து நாள் வேலை வாரத்தைத் தொடங்கியது. வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. மறுபுறம், ஒரு நாள்கூட உறுதியில்லாதவர்கள் இன்றும் பலர். வயலில் கூலி வேலை செய்பவர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் வேலைக்குப் போகாத நாளில் கூலியை இழக்கிறார்கள். தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு வார ஓய்வு அரசாணையாக வந்தது 2021இல்தான். 2023 ஏப்ரலில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை மாற்றாமல் வேலை நாள்களை நான்காகச் சுருக்க முடியும் என்பது அதற்கான விளக்கம். தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை அடுத்து, அந்த ஆண்டு மே நாளன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.