சாரங்கபாணி: சிங்கப்பூரில் ஓர் ஆண்பெயரின் வரலாறு

கடவுள் கையில் ஏந்திய படைக்கலத்தைக் கொண்டு அக்கடவுளைச் சுட்டும் பெயர்கள் தமிழ் ஆண்பெயர்களுள் ஒரு தனி வகையாகும். முருகனைக் குறிக்கும் தண்டபாணி, திருமாலைக் குறிக்கும் சக்கரபாணி, இராமனைக் குறிக்கும் கோதண்டபாணி ஆகியவற்றோடு சாரங்கபாணி என்னும் பெயரும் இவ்வகையைச் சேரும். சிங்கப்பூர்த் தமிழரிடையே இப்பெயர் பெற்றுள்ள இடம் மற்றப் பெயர்களுக்கு வாய்க்காதது. அப்பெயரைச் சொன்ன அளவில் அவர்களுள் பலருக்கு நினைவில் எழுவது கும்பகோணத்துப் பெருமாளின் திருமேனியைவிட, தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணியின் உருவமே ஆகும். ஆயினும், அவரை இத்துணைப் போற்றும் அச்சமூகத்தில் பிறக்கும் ஆண்குழந்தைகளுக்கு அப்பெயர் இன்று அரிதாகவே இடப்படுகிறது. பெயரின் தோற்றம், பொருள், அது கடல் கடந்து வந்த வழி, அங்கு அடைந்த புதுப்பொருள், பின்னர் அருகிய காரணம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

சாரங்கபாணி என்பது வடமொழிக் கூட்டுச்சொல்லின் தமிழ் வடிவம். அதன் முற்பகுதியாகிய 'சார்ங்கம்' திருமாலின் வில்லுக்குப் பெயர். கொம்பு என்னும் பொருளுடைய 'சிருங்கம்' என்ற சொல்லின் அடியாகப் பிறந்தமையால், கொம்பினால் ஆகியது என்பது அதன் சொற்பொருள். பிற்பகுதியாகிய 'பாணி' கை என்று பொருள்படும். எனவே, சார்ங்கம் என்னும் வில்லைக் கையில் உடையவன் என்பதே முழுப்பெயரின் பொருள். ஆண்டாளின் திருப்பாவையிலேயே சார்ங்கம் என்ற வடிவம் இடம்பெற்றுள்ளமையால், வில்லின் பெயர் தமிழ்ப் பக்தி இலக்கியத்துக்குப் பழகிய ஒன்று என்பது விளங்கும்.

ரகர ஒற்றும் ஙகர ஒற்றும் அடுத்தடுத்து நிற்பதை நாவுக்கு எளிதாக்கும் பொருட்டு, பேச்சுவழக்கு ரகரத்தோடு அகரம் சேர்த்துச் 'சாரங்கம்' என ஆக்கிக்கொண்டது. இச்சிறு மாற்றத்தால் பெயருக்கு இரண்டாவது பொருள் ஒன்றும் வந்து சேர்ந்தது. வடமொழியில் 'சாரங்கம்' என்பது மானையும் குறிக்கும் வேறொரு சொல். மானைக் கையில் ஏந்தியவன் சிவபெருமான். ஆகவே, தமிழில் எழுதும்போது சாரங்கபாணி என்னும் ஒரே பெயர் வில்லேந்திய திருமாலுக்கும் மானேந்திய சிவனுக்கும் பொருந்தும். சைவ, வைணவப் பூசல்கள் பேசப்பட்ட காலத்தில் ஒரே சொல்லில் இரு கடவுளரையும் வைத்துப் பாடும் சிலேடைக்கு, அதாவது இரட்டுற மொழியும் அணிக்கு, இவ்வியைபு பெரிதும் கைகொடுத்தது; காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இப்பெயரைக் கொண்டே அரியையும் அரனையும் ஒருசேரச் சுட்டுகிறது. ஆயினும், வழக்கில் மக்களுக்கு இடப்பட்ட பெயர் திருமாலையே குறித்தது என்பதில் ஐயமில்லை.

குடந்தைப் பெயர்

இப்பெயர் காவிரிப் படுகையில் வேரூன்றியதற்குக் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலே முதற்காரணம். ஆழ்வார்களால் பாடப்பெற்ற திருத்தலங்களாகிய 108 திவ்விய தேசங்களுள் கும்பகோணமாகிய திருக்குடந்தை ஒன்று. சுமார் 173 அடி உயரமுள்ள இராசகோபுரமும், குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர்போல் கல்லில் அமைந்த கருவறையும் இக்கோயிலின் சிறப்புகள். இறைவன் வைகுந்தத்திலிருந்து சார்ங்க வில்லோடு தேரேறி வந்தான் என்னும் தலபுராணச் செய்தி, அக்கட்டட அமைப்புக்கும் பெயருக்கும் ஒருங்கே விளக்கம் தருகிறது.

இதே இறைவனுக்கு ஆராவமுதன் என்ற தமிழ்ப்பெயரும் உண்டு. உண்ண உண்ணத் தெவிட்டாத அமுதம் என்பது அதன் கருத்து. ஆராவமுதனைப் பற்றிய நம்மாழ்வாரின் பதிகத்தைக் கேட்டே நாதமுனிகள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுக்கத் தலைப்பட்டார் என்பது வைணவ மரபு. ஒரே திருமேனியிலிருந்து வடமொழிப் பெயர் ஒன்றும் தமிழ்ப்பெயர் ஒன்றும் மக்களிடையே இடுபெயராக, அதாவது பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் சூட்டும் பெயராக, இறங்கிவந்துள்ளன.

கடல் கடந்த பெயர்கள்

சிங்கப்பூருக்குத் தமிழர் சென்றபோது தெய்வப்பெயர்களும் உடன் சென்றன. 1819இல் இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்தவரும், 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை நிறுவியவருமான நாராயணப் பிள்ளை, திருமாலின் பெயரைத் தாங்கியவர். சிராங்கூன் சாலையில் 1855இல் எழுந்த பெருமாள் கோயில் தொடக்கத்தில் நரசிம்மருக்கு உரியதாக இருந்து பின்னர் சீனிவாசப் பெருமாள் கோயில் ஆயிற்று. டேங்க் ரோட்டில் 1859இல் செட்டியார்கள் அமைத்த முருகன் கோயில் தண்டாயுதபாணியின் பெயரை ஏற்றது. அப்பெயரைச் சிங்கப்பூர்த் தமிழர் 'தெண்டாயுதபாணி' என்றே சொல்லி, அவ்வாறே எழுதியும் வருகின்றனர். சார்ங்கத்தைச் சாரங்கமாக்கிய அதே பேச்சுவழக்கின் ஆற்றல் இங்கு அகரத்தை எகரமாக்கிக் கோயில் பெயரிலேயே நிலைபெற்றுவிட்டது.

காவிரிப் படுகை மக்களுக்கு நாகப்பட்டினம் அருகிலிருந்த துறைமுகமாகும். அங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல்களில் சென்றவர்களோடு கோவிந்தசாமி, ரெங்கசாமி, சாரங்கபாணி போன்ற படுகையின் வைணவப் பெயர்களும் குடியேறின. கோ. சாரங்கபாணி 1903இல் பிறந்த திருவாரூர், குடந்தைக் கோயிலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தியாகராசர் கோயிலால் புகழ்பெற்ற சைவத்தலத்தில் பிறந்த பிள்ளைக்கு வைணவப் பெயர் அமைந்தது, குடந்தைக் கோயிலின் செல்வாக்கு எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

புதுப்பொருள்

சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ. இராமசாமி மேற்கொண்ட மலாயாப் பயணம் அங்குள்ள தமிழரிடையே சுயமரியாதைக் கருத்துகளை வேகமாகப் பரப்பியது. அக்கருத்துகளை ஏற்றவர்களுள் சாரங்கபாணி முன்னின்றார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவாயிற்று. 1935 ஜூலை 6ஆம் நாள் ஒரு காசு விலையில் தமிழ் முரசு வெளிவந்து, வார இதழாகத் தொடங்கிப் பின்னர் நாளிதழாக வளர்ந்தது. 1952இல் அவர் முன்னின்று நடத்திய தமிழர் திருநாள், பொங்கலை ஒட்டி எல்லாச் சமயத் தமிழரையும் மொழியின் பெயரால் ஒன்றுகூட்டியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்காக அவர் திரட்டிய நிதிக்குத் 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டார். 1974இல் மறைந்த அவர் இன்றளவும் 'தமிழவேள்' என்ற சிறப்புப்பெயரால் அழைக்கப்படுகிறார். எழுத்தாளர்கள் சுருக்கமாகக் 'கோ.சா.' என்பர்.

இவ்வரலாற்றில் பெயராய்வுக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சிங்கப்பூருக்கு வந்த நாராயணரின் பெயர் 'பிள்ளை' என்ற பட்டத்தோடே வரலாற்றில் நிற்க, சாரங்கபாணியின் பெயர் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் ஏற்றுப் பட்டமின்றி நிற்கிறது. சாதி ஒழிந்த பின் எஞ்சிய தெய்வப்பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நாற்பதாண்டுகள் இதழிலும் மேடையிலும் அப்பெயரைக் கேட்டுப் பழகிய மக்கள் மனத்தில் வில்லேந்திய பெருமாள் பின்னுக்குச் சென்று, எழுதுகோல் ஏந்திய மனிதர் முன்னுக்கு வந்தார். முஸ்லிம் தமிழரும் கிறித்தவத் தமிழரும் தம் பொதுத்தலைவரின் பெயராக அதனை ஏற்றபோது, ஒரு சமயப்பெயர் சமயங்கடந்த பெயராயிற்று.

ஒரே பெயர், இரு வழிகள்

சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த மற்றொருவரின் பெயரோடு ஒப்பிடும்போது இதன் சிறப்பு நன்கு புலப்படும். திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணிக்கு 1933இல் கடலூரில் பிறந்தபோது இடப்பட்ட பெயரும் சாரங்கபாணியே; பள்ளிப்பருவத்தில் அவருடைய ஆசிரியர் திராவிடமணி அதனை வீரமணி என மாற்றினார். திராவிட இயக்கத் தலைவர்களுள் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறிய காலத்தின் பொதுப்போக்கு அது. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் அப்போக்குக்கு முன்னரே வழிவகுத்திருந்தது. கடலூரில் கொள்கைக்காகப் பெயர் மாறியது. சிங்கப்பூரில் பெயர் மாறாமல் அதன் பொருள் மாறியது. பெயரின் பொருளை அகராதி மட்டும் உறுதிசெய்வதில்லை, அதைத் தாங்கியவரின் வாழ்க்கையும் உறுதிசெய்கிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் ஒருசேர உணர்த்துகின்றன.

அருகியதன் காரணங்கள்

பெயர் அருகியதற்கு மூன்று காரணங்களைக் கருதலாம். முதலாவது எழுத்துமுறை பற்றியது. சிங்கப்பூரில் அரசாங்க ஆவணங்கள் ஆங்கில எழுத்தில் அமைவதால், ஐந்தசைகள் கொண்ட இப்பெயர் கடைசியில் 'ஐ' எழுத்திட்டும் 'ஒய்' எழுத்திட்டும் இருவகையாக எழுதப்பட்டது. பல இன மாணவர் கூடிப் படிக்கும் வகுப்பறையில் எளிதில் அழைக்கத்தக்க குறும்பெயர்களைப் பெற்றோர் நாடியபோது, நெடிய பழம்பெயர்கள் பின்தங்கின.

இரண்டாவது, ஆவணங்களில் தந்தை பெயரைச் சேர்க்கும் முறை. சிங்கப்பூர்த் தமிழர் பலரின் பெயரில் 'இன்னாரின் மகன்' எனப் பொருள்படும் 'எஸ்/ஓ' என்ற குறி இடையே நிற்க, முன்னால் பிள்ளையின் பெயரும் பின்னால் தந்தையின் பெயரும் வரும். தமிழ்நாட்டில் முதலெழுத்தாகச் சுருங்கும் தந்தை பெயர் இங்கு முழுமையாக நிற்கிறது. ஆகவே இடுபெயராக வழக்கொழிந்த பழம்பெயர்கள் பெயரின் இரண்டாம் பாதியில் மேலும் ஒரு தலைமுறைக்கு உயிர்வாழ்கின்றன; அதற்கடுத்த தலைமுறையில் அவ்விடமும் வேறு பெயருக்குப் போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் மிக ஆழமானது. மொழிப்பற்றை ஊட்டிய தமிழ் முரசின் வாசகர், தம் பிள்ளைகளுக்கு இளங்கோ, தமிழ்ச்செல்வன், அன்பழகன் போன்ற பெயர்களைச் சூட்டுவதே அப்பற்றின் அடையாளம் என்று கருதினர். தலைவரை நினைவுகூர விரும்பியோருக்கும் 'தமிழவேள்' என்ற சிறப்புப்பெயர் கைவசம் இருந்தது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் வழங்கும் விருதும் அச்சிறப்புப்பெயரையே தாங்கியுள்ளது.

முடிவுரை

வில்லின் பெயராகத் தோன்றி, குடந்தையில் தெய்வப்பெயராகி, காவிரிப் படுகையில் மக்கட்பெயராகிக் கடல் கடந்த சாரங்கபாணி, சிங்கப்பூரில் ஒரு மனிதரின் பெயராக நிலைத்தது. அம்மனிதர் மக்கள் நெஞ்சில் ஊன்றிய தமிழ்ப்பற்றே தமிழ்ப்பெயர்களைப் பெருக்கி, அவருடைய சொந்தப் பெயர் அரிதாவதற்கும் துணைநின்றது. சிராங்கூன் சாலையில் ஒரு தாய் தன் மகனை 'இளங்கோ' என்று கூவி அழைக்கும்போது, அந்த அழைப்புக்குப் பின்னால் சாரங்கபாணி என்ற பெயரின் வரலாறும் இருக்கிறது.