பங்களா நாயும் லயத்து நாயும்

கடல்மட்டத்துக்கு மேல் 6000 அடியையும் தாண்டி உயர்ந்து நிற்கும் நுவரெலியாவிலே, தை மாசி மாதங்களின் விடியற்காலையில் புல்நுனிகளில் உறைபனி வெள்ளை விரித்தாற்போற் படிந்திருப்பதுண்டு. அதற்குக் கீழேயுள்ள ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளிலோ தென்மேற் பருவக்காற்று வீசத் தொடங்கினால் நாட்கணக்கில் வெயிலின் முகத்தைக் காண்பதரிது. இத்தகைய நிலத்தில் நாயை வளர்ப்பவனுக்கு அதன் அழகைப் பேணுதல் இரண்டாவது கவலை. அதை உயிரோடு வைத்திருத்தலே முதற் கவலை. ஆதலால், மயிர் கோதுதல், உண்ணி களைதல், நீராட்டுதல், ஈரம் துடைத்தல் ஆகிய சின்னஞ்சிறு வேலைகளுக்கும் மலையகத்தில் ஒரு வரலாறு உண்டு. அவ்வேலைகளைச் செய்த கைகள் யாருடையவை என்பதும் அவ்வரலாற்றைச் சேர்ந்ததே.

1848 ஆம் ஆண்டிலே சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவிவிடலாம் என்னும் எண்ணத்துடன் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். ஆட்களும் ஏர்க்கருவிகளும் மட்டுமன்றி, டர்காம் இனப் பசுவும், செம்மறிக் கடாக்களும், உயர்குலக் குதிரையும், வேட்டைநாய்க் கூட்டமொன்றும் கப்பலேறி வந்தன. இவையெல்லாம் கண்டியைக் கடந்து, றம்பொடைக் கணவாயின் செங்குத்தான பாதையில் ஏறவேண்டியிருந்தது. கொழுத்த பசு நுவரெலியாவைக் காணாமலே வழியில் மாண்டது. நாய்கள் வந்து சேர்ந்தன. மரைவேட்டையில் பேக்கருக்கிருந்த பித்து அளவிறந்தது. 1855 இல் இலங்கையை விட்டு நீங்கும் வரையில் அவர் அந்நாய்களுடன் காடுமேடெல்லாம் திரிந்தார். 1853 இல் வெளிவந்த அவரது வேட்டை நூலைப் படித்து முடிப்பவர் நினைவில் ஸ்மற், கில்பக், லூசிபர் என்னும் நாய்ப்பெயர்கள் தங்கிவிடும். வேட்டை முடிந்தபின் அந்நாய்களின் சேற்றைக் கழுவியவர்களின் பெயர்கள் அவ்வாறு தங்குவதில்லை.

சேற்றைக் காட்டிலும் கொடியது அட்டை. ஈரமான புல்லிலும் சருகிலும் நூலிழைபோல் நின்று ஆடிக்கொண்டிருக்கும் நில அட்டைகள், மனிதனென்றும் விலங்கென்றும் பேதம் பாராட்டுவதில்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், குதிரைகள் இவற்றின் தொல்லை தாளாது நிலத்தை உதைத்துத் துடிப்பதை எழுதியிருக்கிறார். தோட்டத்துரைமார் நெருக்கமாக நெய்த துணியாலான காலுறைகளை அணிந்துகொண்டனர். ஏனையோர் எண்ணெயையும் புகையிலைச் சாம்பலையும் எலுமிச்சஞ் சாற்றையும் நம்பினர். நாய்க்குக் காலுறை ஏது? காட்டிலிருந்து திரும்பியவுடன் அதன் விரலிடுக்குகளையும், செவிமடலின் உட்புறத்தையும், அடிவயிற்றையும் ஒருவர் விளக்கொளியிற் பார்த்தாக வேண்டும். அட்டையைப் பிய்த்தெடுத்தால் புண் பெரிதாகும் என்பது தோட்டத்தில் யாவரும் அறிந்ததே. ஒரு சிட்டிகை உப்பையோ சுண்ணாம்பையோ தொட்டால் அது தானே சுருண்டு விழும். விழுந்த பின்னும் குருதி நெடுநேரம் நில்லாது வடிவதற்குக் காரணம், அட்டையின் உமிழ்நீரில் குருதியை உறையவிடாத பொருளொன்று இருத்தலே. இதனை ஹேகிறாவ்ற் என்னும் அறிஞர் கண்டறிந்தது 1884 இல். ஹற்றனுக்குப் புகைவண்டி வந்த ஆண்டும் அதுவே.

புகைவண்டி வருமுன் துரையின் கால்கள் குதிரையின் கால்களே. கோப்பிப் பயிர் 1869 முதல் இலைநோயால் அழியத் தொடங்கித் தேயிலை மலைகளை மூடிய காலம் முழுவதிலும், ஒவ்வொரு பெரிய பங்களாவிலும் குதிரைக்காரன் என்னும் தமிழ்த் தொழிலாளி ஒருவன் இருந்தான். துரை குதிரையில் ஏறிச் செல்ல, இவன் பின்னால் ஓடினான். அவர் இறங்கியதும் இவனுடைய உண்மையான வேலை தொடங்கிற்று. வியர்வை ஆறுமுன் வைக்கோற் புரியால் உடம்பைத் தேய்த்துக் குளிர் பிடியாமற் காத்தல், குளம்பின் குழியிலிருந்து கல்லை நோண்டி எடுத்தல், பிடரியைச் சீவுதல், கொள்ளு அவித்து வைத்தல் என்று அது நீண்டது. மோட்டார் வண்டி வந்தபின் குதிரைலாயங்கள் வண்டிக்கொட்டில்களாயின. குதிரையைத் தேய்த்த அதே முறை நாயைப் பேணுவதற்கும் உதவிற்று.

பங்களா நாய்களிற் பல குளிர்நாட்டுச் சாதிகள். மலையின் தட்பம் அவற்றுக்கு ஒத்ததாயினும் ஈரம் ஒவ்வாதது. தொங்கு செவியுள்ள ஸ்பானியல் நாயின் காதில் நீர் தங்கினால் சீழ் கட்டும். அடர்ந்த உள்மயிர் உலராதிருந்தால் தோலில் சொறி பரவும். ஆதலால் நாயை அடிக்கடி குளிப்பாட்டாமல், காய்ந்த நாளொன்றின் நண்பகலைத் தேர்ந்து நீராட்டி, சாக்குத்துணியால் துவட்டிக் கணப்பருகில் இருத்துவதே அறிவுடைமை. அன்றாடம் செய்யவேண்டியது சீவுதல். சீப்பு ஓடும் வழியில் விரலும் ஓடினால் உண்ணி தட்டுப்படும்.

இந்த உண்ணி பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். மலைக்குக் கொண்டுவரப்பட்ட சீமை நாய்கள் காரணம் தெரியாமலே வாடி, ஈறு வெளுத்து இறப்பதைப் பலரும் தட்பவெப்பத்தின் குற்றமென்றே கருதினர். உண்ணி வெறும் அரிப்பைத் தருவதன்று, நோயையும் சுமந்து வருவது என்பதை ஸ்மித், கில்போண் என்னும் இருவர் மாட்டுக் காய்ச்சலை ஆராய்ந்து 1893 இல் நிறுவினர். அமெரிக்காவில் மாடுகளிடம் கண்ட உண்மை, நாய்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்கு வர மேலும் சில ஆண்டுகள் சென்றன. சென்னையில் வெள்ளையர் நடத்திய வேட்டைக் கழகத்து நாய்களின் குருதியில் நுண்ணுயிரி ஒன்றைப் பற்றன் என்பவர் 1910 இல் கண்டு வெளியிட்டார். அதுவே பின்னர் நரியின் குருதியிலும் காணப்பட்டது. இன்று பபேசியா கிப்சனி என்று வழங்குவது அதுவே. இப்பெயரெதனையும் அறியாத ஒருவன், மாலைதோறும் நாயை மடியிற் கிடத்தி ஒவ்வோர் உண்ணியாகக் களைந்துகொண்டிருந்தானாயின், அவன் செய்தது மருத்துவமே. தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுத்தெடுத்தல் இன்றைய விலங்கு மருத்துவரும் சொல்லும் முறை. மண்ணெண்ணெய் ஊற்றுவதையோ கங்கு வைப்பதையோ அவர்கள் ஒப்புவதில்லை. காபொலிக்குச் சவர்க்காரத்திலும் எச்சரிக்கை வேண்டும். அது தன் உடம்பைத் தானே நக்கித் தூய்மை செய்யும் பூனைக்கு நஞ்சாகும். பூனையைக் குளிப்பாட்ட முயல்வோர் கீறல்களோடு திரும்புவது வேறு கதை.

பங்களாவுக்குக் கீழே லயங்கள். பன்னிரண்டடிக்குப் பத்தடி என்னும் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே ஒடுங்கிய இடத்தில், நாய்க்கு உரியது இஸ்தோப்பின் ஒரு மூலை. சாதிநாயின் பெருமை அதற்கில்லை. கொழுந்துக் கூடையுடன் மலைக்குப் போனவர்கள் திரும்பும் வரையில் அது வாசலில் கிடக்கும். பீலிக்கரையில் துணி துவைத்து எஞ்சிய சவர்க்கார நீர் அதன் குளியல். வேம்பு வளராத குளிர் மேட்டில் கடையில் வாங்கிய வேப்பெண்ணெய், கிடைத்தபோது, அதன் சொறிக்கு மருந்து. உண்ணி பார்ப்போர் பெரும்பாலும் சிறுவர். வயிரவர்க்கு நாய் வாகனமென்பதால் அதனை உதைத்தல் பாவமென்று கூறும் பாட்டிமாரும் இருந்தனர். ஆயினும் லயத்தில் முழுச் சிறப்புடன் நீராடியது நாயன்று, மாடே. மாட்டுப் பொங்கலன்று கொம்பு சீவி வண்ணம் தீட்டி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டும் வழக்கம் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களிலிருந்து மக்களோடு கூடவே மலையேறியது. மாட்டைத் தேய்த்துக் கழுவும் கையிற் பழகிய பக்குவமே பங்களாவில் சம்பளத்துக்கு விலைபோயிற்று எனினும் பிழையாகாது.

இவ்விரு நாய்களையும் சட்டம் ஒரே கண்ணாற் பார்த்ததாகத் தோன்றும். 1893 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க விசர்நாய்க் கட்டளைச் சட்டமும், 1901 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் பங்களாவென்றும் லயமென்றும் பிரித்துரைக்கவில்லை. பதிவு செய்யப்படாமல் திரியும் நாயை அழிக்கலாம் என்பதே நடைமுறை. பதிவுக்குப் பணம் வேண்டும், கட்டிவைக்க இடம் வேண்டும். பங்களாவில் இரண்டும் இருந்தன. லயத்தில் இரண்டும் அரிது. விசர்நோயின் அச்சம் பொய்யன்று. 1973 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். எனினும் சிறுவனொருவன் மாலையில் உண்ணி பார்த்த நாய், மறுநாள் கணக்கில் தெருநாயாகவே எண்ணப்பட்டது.

1964 இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று மக்கள் பங்கிடப்பட்டனர். இஸ்தோப்பில் கிடந்தவற்றைப் பற்றி அவ்வுடன்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போய், அவர்தம் நாய்களின் வழிவந்தவை உள்ளூர் நாய்களோடு கலந்தன.

தெருநாய்களைக் கொல்லும் முறை 2006 இல் கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே வழியெனக் கொள்ளப்பட்டது. விசர்நோயால் இறப்போர் தொகையும் 1973 ஐ நோக்கப் பெரிதும் குறைந்துவிட்டது. தடுப்பூசி போடுவோர் லயத்துக்கு வந்தால் முதலிற் கேட்பது நாயைப் பிடித்துக்கொள்ளக்கூடியவர் யார் என்பதே. சுருக்குக் கயிற்றைக் கண்டவுடன் சிறும் நாயும், நாள்தோறும் தன் காதைப் புரட்டி உண்ணி பார்க்கும் கை பிடரியிற் பட்டால் அடங்கி நிற்கும். அந்தக் கணத்தில் ஊசி ஏறிவிடும்.