மேட்டியாபுருஜும் 'அவதார்' படமும்

கார்டன் ரீச்சுக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனோடு உட்கார்ந்து 'அவதார்' (2009) பார்த்தேன். "அந்த ஜனங்களைக் காப்பாத்த வெளியாள்தான் வரணுமாப்பா?" என்றான். நியாயமான கேள்வி.

படம் வந்தபோது அரசியல் பேச்சு பலமாக இருந்தது. பொலிவியா அதிபர் ஈவோ மொராலெஸ் பாராட்டினார். ஒரிசாவின் நியம்கிரியில், தாங்கள் கும்பிடும் மலையில் வேதாந்தாவுக்கு பாக்சைட் சுரங்கம் கூடாதென்று டோங்ரியா கோந்த் பழங்குடியினர் போராடிக்கொண்டிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் 'வெரைட்டி' பத்திரிகையில் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு விளம்பரம் கொடுத்து, இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனிடம் அவர்களுக்காக உதவி கேட்டது.

எனக்கோ எங்கள் பேட்டைக் கதை ஞாபகம் வந்தது. 1856-ல் கம்பெனிக்காரர்கள் அவத் ராஜ்ஜியத்தைப் பிடுங்கிக்கொள்ள, நவாப் வாஜித் அலி ஷா இங்கே மேட்டியாபுருஜில் குடியேறினார். அவருடைய அம்மா விக்டோரியா மகாராணியிடம் முறையிட லண்டனுக்கே கப்பலேறினார். பலனில்லை. திரும்பும் வழியில், 1858-ல், பாரிசில் காலமானார். லக்னோவில் ஆயுதமெடுத்த பேகம் ஹஸ்ரத் மஹலும் தோற்றார். (மனு எழுதியே தேய்ந்த பேனாக்கள் எத்தனை என்று வங்கிக்காரனைக் கேளுங்கள்!)

நியம்கிரியில் நடந்தது வேறு. 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரலில், கிராம சபைகளையே கேளுங்கள் என்றது தீர்ப்பு. 12 கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன.

பையனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ கூட்டம் போட்டே ஜெயிச்சுட்டாங்களா? இருந்தாலும் படத்துல சண்டைதான்பா ஜோர்" என்றான்.