சாந்தலை பிறந்த வீடு

சிரவணபெளகொளாவிற்குச் செல்லும் யாத்திரிகர்களிற் பெரும்பாலோர் கோமடேசுவரரின் பேருருவத்தைத் தரிசித்த அளவிலேயே மனநிறைவெய்தித் திரும்பிவிடுகின்றனர். எதிரேயுள்ள சந்திரகிரி என்னும் சிறு குன்றின்மீதும் ஏறி, அங்குள்ள கல்வெட்டுக்களைக் கற்றறியும் பொறுமை வாய்த்தவர்களோ, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு சமயங்களைப் போற்றி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை அங்கே அறிந்துகொள்வார்கள்.

போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலாதேவி பிறந்த குடும்பம் அது. தந்தை மாரசிங்கய்யா, பெர்க்கடை என்னும் அதிகாரப் பதவி வகித்தவர். சிவபக்தியில் உறைத்து நின்றவர். தாய் மாசிகப்பையோ சைன சமயத்தைச் சார்ந்த தண்டநாயகர் குடியில் தோன்றியவர். மகள் தாயின் வழி நின்று பிரபாசந்திர சித்தாந்ததேவரைக் குருவாக வரித்துக்கொண்டாள். தந்தை தம் வழியிலேயே நின்றார். இருவருக்கும் பொதுவாக ஏதோ ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, இரண்டையும் அரைகுறையாகப் பேணிய குடும்பமன்று அது என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

இசையிலும் நாட்டியத்திலும் தேர்ந்த அப்பெண் புகுந்த இடத்திலும் சமயம் வேறாகவே இருந்தது. பிட்டிதேவன் என்ற பெயருடன் இருந்த அம்மன்னன் இராமாநுஜரின் அருளுக்குப் பாத்திரமாகி வைணவனானான் என்பது நம் வைணவப் பெரியோர் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. சோழரிடமிருந்து தலைக்காட்டைக் கைப்பற்றிய அவன், 1117-இல் பேலூரில் கேசவனுக்கு ஆலயம் எடுப்பித்தபொழுது, அதே வளாகத்தில் கப்பே சென்னிகராயர் கோயிலைக் கட்டுவித்தவள் சாந்தலை. 1121-இல் போசளர் தலைநகரான துவாரசமுத்திரத்தில் எழுந்த சிவாலயத்தின் இரு கருவறைகளுள் ஒன்று அவள் பெயரால் சாந்தலேசுவரம் என்றே வழங்கலாயிற்று. இவ்வளவுக்குப் பின்னரும் அவள் தன் சமயத்தை விட்டாளல்லள்: 1123-இல் சந்திரகிரியில் சாந்திநாத தீர்த்தங்கரருக்குச் சவதிகந்தவாரண பசதி என்னும் சைனக் கோயிலை எழுப்பி, அதற்குக் கிராமமும் தானம் செய்தாள். பிறர் வணங்கும் தெய்வத்தினிடத்தில் அச்சமோ அருவருப்போ கொள்ளாதிருக்கும் இந்தப் பண்பை அவள் தன் தாய்தந்தையரின் இல்லத்தில், குழந்தைப் பருவத்திலேயே, எவரும் உபதேசியாமல் கற்றிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

1131-இல் சிவகங்கைத் தீர்த்தத்தில் அவள் காலமானாள். (நம் பாண்டி நாட்டுச் சிவகங்கையன்று, பெங்களூருக்கு வடமேற்கே, கங்காதரேசுவரர் கோயில்கொண்டுள்ள மலை.) மகளை இழந்த மாசிகப்பை, தனக்கு இனி இவ்வுலகில் இருப்பில்லை எனத் துணிந்து, பெளகொளாவையடைந்து, சுற்றத்தாரிடம் விடைபெற்று, பாதி மூடிய கண்களுடன் பஞ்ச நமஸ்காரத்தை உச்சரித்தவண்ணம், ஒரு திங்கள் முழுவதும் உணவு நீத்து, தன் குருமார்கள் அருகிருக்க வடக்கிருந்து உயிர்நீத்தாள் என்று அங்குள்ள கல்வெட்டு விரித்துரைக்கின்றது. அதனைப் படிக்குந்தோறும், தாய்மையின் துயரமும் சமயத்தின் உறுதியும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாய்விட்ட அந்த முதியவளை எண்ணி என் நெஞ்சு கனக்கிறது.

வைணவனான மன்னன் சைனரைக் கொடுமைப்படுத்தினான் என்று பிற்காலத்தார் கட்டிய கதைகளை ஏற்க எனக்கு மனம் இசையவில்லை. அவனுடைய பெரும் படைத்தலைவனான கங்கராஜன் இறுதிவரை சைனனே. அவன் நினைவாக அவன் மகன் போப்பன் 1133-இல் துவாரசமுத்திரத்தில் பார்சுவநாதரைப் பிரதிஷ்டை செய்து, அதன் பிரசாதத்தைப் பங்காபுரத்திலிருந்த மன்னனுக்கு அனுப்பினான். போரில் வெற்றி கண்டும், மகன் பிறந்த செய்தி கேட்டும் மகிழ்ந்திருந்த வேளையில் அதனைப் பெற்ற மன்னன், தன் வெற்றியோடு இயைத்து, அத்தேவருக்கு விஜயபார்சுவர் என்றும், மகனுக்கு விஜயநரசிம்மன் என்றும் பெயர் சூட்டினான். அந்த நரசிம்மனே பின்னர் அரசனாகி, தன் அமைச்சன் ஹுள்ளன் பெளகொளாவில் எடுப்பித்த பசதிக்குச் சவணேறு என்னும் ஊரைத் தானமாக அளித்தான்.