கழுத்துக் காயம்: திறந்து பார்ப்பதா, பார்த்துவிட்டுத் திறப்பதா?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி, ஜுகுலர் சிரை, மூச்சுக்குழல், உணவுக்குழாய், தண்டுவடம் எல்லாம் கழுத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. தோலுக்கடியில் உள்ள பிளாடிஸ்மா என்ற மெல்லிய தசையைத் தாண்டிக் கத்திமுனையோ கண்ணாடிச் சில்லோ துப்பாக்கிக் குண்டோ புதைந்துவிட்டால், அதை ஆழக் காயமாகவே மருத்துவர்கள் கொள்கிறார்கள். இதற்குச் சிகிச்சையளிப்பதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே திறந்து பார்ப்பது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 100 நோயாளிகளை ஆராய்ந்த ஃபோகல்மேனும் ஸ்டூவர்ட்டும் 1956இல் இதற்கு வலுச் சேர்த்தனர். உடனே அறுவை செய்யப்பட்டவர்களில் இறப்பு 6 சதவீதம். தாமதமாகச் செய்யப்பட்டவர்களிலும் அறுவையே செய்யப்படாதவர்களிலும் 35 சதவீதம். ஆனால் பின்னாளில் பல மருத்துவமனைகளில், திறந்த கழுத்துகளில் ஏறக்குறைய பாதியில் உள்ளே எதுவும் சேதமாகவில்லை என்று தெரிந்தது. தேவையில்லாத மயக்கமருந்தும் தழும்பும்தான் மிச்சம். தாடைக் கோணத்துக்கு மேலும் குரல்வளையின் அடியில் உள்ள கிரிகாய்டு குருத்தெலும்புக்குக் கீழும் எலும்புகள் மறைப்பதால், திறப்பதே கடினம்.

இரண்டாவது வழி, தேர்ந்தெடுத்துத் திறப்பது. பீறிடும் ரத்தம், பெருத்துக்கொண்டே போகும் வீக்கம், காயத்தில் காற்றுக் குமிழி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே ஆபரேஷன் தியேட்டர்தான். நிலை சீராக உள்ளவர்களுக்கு, ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள். பொருள் போன பாதையும் தமனிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் அதில் தெரியும். தொல்லை தராத ஆழமான உலோகத் துண்டைச் சில வேளை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. குறையும் இருக்கிறது: உலர்ந்த மரச்சிராய் சிடி படத்தில் காற்றைப் போலக் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும், உணவுக்குழாய்க் கிழிசல் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். அதனால் எண்டோஸ்கோப்பியும் தேவைப்படலாம்.

இரு வழிகளும் ஒன்றுபடும் இடம், பொருளை வெளியே எடுக்கும் முறை. முதலில் மூச்சுப்பாதையைக் காக்க வேண்டும். பிறகு கழுத்தைத் திறந்து, காயத்துக்கு மேலும் கீழும் ரத்தக்குழாயை நாடாவால் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபடியே பொருளை உருவ வேண்டும். ஏனென்றால், குத்திய பொருளே தமனியின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஸ்கேன் வசதியும் இரவு பகலாக அறுவை மருத்துவரும் இருக்கும் இடத்தில் இரண்டாவது வழியே மேல். ஸ்கேன் வசதி இல்லாமல், நோயாளியை வேறிடம் அனுப்பவும் முடியாத ஊரில் பழைய வழி இன்றும் உயிர் காக்கும். உடனிருப்பவர்களுக்கு விதி ஒன்றே: கழுத்தில் குத்தி நிற்பதை உருவாதீர்கள், அசையாமல் பிடித்து, சுற்றிலும் துணி வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.