இரண்டு பெட்டிகளும் மூன்றாவதும்

இசை கேட்பதற்கும் திரைப்படம் பார்ப்பதற்குமாக ஒரே அறையில் ஒலிபெருக்கிகளை எங்ஙனம் வைப்பது? கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வினா என்றே பலரும் எண்ணுவர். அதற்குள் ஒரு பழைய வழக்கு ஒளிந்திருக்கிறது. அதனையே இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் அலன் பிளம்லீன் மனைவியோடு படம் பார்க்கச் சென்றாராம். நடிகர் திரையின் குறுக்கே நடக்க, குரல் மட்டும் ஓரிடத்திலேயே நின்றது அவரை உறுத்தியதென்பர். 1931 டிசெம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், இசைத்தட்டின் ஒரே தவாளிப்பின் இரு சுவர்களிலும் இரு ஒலிகளைப் பதிக்கும் வழியும் இருந்தது. திரைக்கென்று பிறந்த எண்ணம் இசைத்தட்டுக்கு வாழ்க்கைப்பட்டது. அத்தகைய தட்டுகள் 1950களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்தன. பிளம்லீனோ 1942 ஜூனில், ராடர்க் கருவியொன்றைப் பரிசோதித்துச் சென்ற விமானம் வீழ்ந்து, 38 வயதிலேயே மாண்டுபோனார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் வேறொரு வழி சென்றனர். 1933 ஏப்ரல் 27 இல் பிலடெல்பியாவில் இசைக்குழு வாசித்தது; வாஷிங்டன் மண்டபத்தில் மக்கள் அமர்ந்து கேட்டனர். மேடையில் வாத்தியக்காரர் எவருமில்லை; தொலைபேசிக் கம்பிவழி வந்த ஒலியை மூன்று ஒலிபெருக்கிகள் எழுப்பின. அக்குழுவை நடத்திப் புகழ்பெற்ற ஸ்ரொகொவ்ஸ்கி அன்று கோலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, வாஷிங்டனில் ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்! 1940 இல் வால்ற் டிஸ்னியின் 'பன்ராசியா' படத்துக்கும் திரையின் பின்னே மூன்று வழிகளே அமைந்தன.

மூன்றாவது பெட்டி எதற்கு? இரண்டு பெட்டிகளும் ஒரே ஒலியைச் சமமாக எழுப்பினால், நேர்நடுவில் இருப்பவருக்கு அது நடுவிலிருந்து வருவதாகவே தோன்றும். ஓரத்தில் இருப்பவருக்கு அது அண்மையிலுள்ள பெட்டிக்குத் தாவிவிடும். பலர் கூடும் கொட்டகையில் வசனம் திரையை விட்டு விலகுதல் ஆகாது. தட்டின் தவாளிப்புக்கோ இரண்டே சுவர்கள். ஆகவே வீட்டில் இரண்டே பெட்டிகள். கேட்பவரும் அவையுமாகச் சமபக்க முக்கோணம் அமைத்து, 60 பாகைக் கோணத்தில் ஒருவர் மட்டும் நன்றாகக் கேட்டார்.

1970களில் அறையின் நான்கு மூலைகளிலும் பெட்டி வைக்கும் முறை வந்தது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல முறைகளை நிறுவனங்கள் போட்டிபோட்டு விற்றன. அம்முயற்சி விரைவில் படுத்துவிட்டது.

வழக்கு ஓரளவு தீர்ந்தது 1992 இல். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அமைப்பில் முன்னிரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையில் நின்றன. பழைய முக்கோணம் அப்படியே பிழைத்தது! அவற்றிடையே ஒன்று; பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, 100 முதல் 120 பாகைக்குள் இரண்டு.

ஆதலால் இசைக்குரிய இரண்டையும் முதலில், சுவரோடு ஒட்டாமல், நிறுத்தவேண்டும் என்பேன். திரை அவற்றின் நடுவே வரட்டும். திரையின் பருமனுக்கேற்பப் பெட்டிகளை மூலைகளுக்குத் தள்ளுவது எனக்கு உடன்பாடன்று. நடுப்பெட்டி திரையின் கீழே, காதை நோக்கிச் சற்று நிமிர்ந்திருக்கலாம். தனித்துக் கேட்பவருக்கு அதுகூட வேண்டியதில்லை. நடுவில் அமர்ந்தாற் போதும். வீட்டார் ஐவர் சேர்ந்து படம் பார்ப்பதாயின், நடுவில் யார் இருப்பது என்ற சண்டைக்காகவேனும் அதை வாங்கத்தான் வேண்டும்.